மன்னரின் ஐம்பது தப்படி

கரீபியக் கடலில் உலா வரும் பயணக் கப்பல்கள் ஒரு துறைமுகத்தில் தங்கும் நேரம் பெரும்பாலும் எட்டு மணியை ஒட்டியே அமைகிறது. காலையில் கரை அணையும் கப்பல் மாலை மயங்குமுன் புறப்பட்டுவிடும். இந்தச் சிறு பொழுதில் ஒரு தீவைக் கண்டுவிட்டோம் என்று சொல்லிக்கொள்வது நகைப்புக்குரியதே. ஆயினும் எப்படி இறங்குகிறோம், யாரோடு போகிறோம், யார் பக்கத்தில் அமர்கிறோம் என்பதைப் பொறுத்து, அதே எட்டு மணி நேரம் வெறும் பொழுதுபோக்காகவும் முடியலாம். நெடுநாள் நெஞ்சில் நிற்கும் பாடமாகவும் அமையலாம்.

இறங்குவோருக்கு இரண்டு வழிகள் உண்டு. கப்பலில் விற்கும் சுற்றுலாச் சீட்டை வாங்கிக்கொண்டால் குளிரூட்டிய வண்டி துறைமுக வாயிலில் காத்து நிற்கும். கடற்கரையில் சாய்வு நாற்காலி ஒதுக்கப்பட்டிருக்கும். அந்த வண்டி திரும்பத் தாமதித்தாலும் கப்பல் பொறுத்திருக்கும். தாமாகவே போகிறவர்களுக்கு இந்த உறுதிப்பாடு எதுவும் இல்லை. குறித்த நேரத்துக்குள் திரும்பாதவர்களை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடும். ஆகவே கப்பலின் கடிகாரமும் கரையின் கடிகாரமும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொண்டு, திரும்பும் வழிக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்கிக்கொண்டுதான் புறப்பட வேண்டும். நாங்கள் நால்வர், அறுபதைக் கடந்தவர்கள். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 13 அன்று புனித லூசியா தீவில் இந்த இரண்டாம் வழியைத் தேர்ந்துகொண்டோம்.

அந்த நாள் புனித லூசியாளின் திருநாள். அதுவே அந்நாட்டின் தேசிய நாளும் ஆகும். முன்னொரு காலத்தில் இதே நாளில் இத்தீவின் கரையில் ஒதுங்கிய பிரெஞ்சு மாலுமிகள் புனிதையின் பெயரைச் சூட்டினர் என்பது வழிவழியாக வரும் செய்தி. அதற்கு முன்பே இங்கு வாழ்ந்த பழங்குடியினர், பெரிய ஓணானை ஒத்த இகுவானாவின் பெயரால் இத்தீவை அழைத்தனர். தெற்கே உள்ள பன்னாட்டு விமான நிலையம் இன்றும் 'ஹெவனோரா' என்னும் அப்பழம்பெயரைத் தாங்கி நிற்கிறது. பிரான்சும் பிரிட்டனும் மாறி மாறிப் பதினான்கு முறை கைப்பற்றிய மண் இது. 1979-ஆம் ஆண்டு பிப்ரவரி 22 அன்று விடுதலை பெற்றது. ஆட்சி மொழி ஆங்கிலம். வீட்டு மொழி பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல். மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்.

தலைநகரான காஸ்ட்ரீசில் இறங்கி, முதலில் அமலோற்பவ அன்னை பேராலயத்துக்கு நடந்தோம். திருநாள் திருப்பலி நடந்துகொண்டிருந்தது. அங்கே சுவர்களில் இருக்கும் ஓவியங்களை அந்நாட்டின் ஓவியர் டன்ஸ்டன் சென்ட் ஓமர் தீட்டினார். நாட்டுக் கொடியை வடிவமைத்தவரும் அவரே. 1986-ஆம் ஆண்டு ஜூலையில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் வருகை தருவதற்கு முன்பாக அந்தப் பணி நிறைவேறியது. அவர் தீட்டிய புனிதர்கள் அம்மண்ணின் மக்களைப் போலவே கறுத்த மேனியர். ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் தம் முகத்தைப் புனிதரின் முகத்தில் காண்பது சிறிய செய்தி அன்று.

பெண்கள் பலர் கட்டமிட்ட வண்ணத் துணியால் தலைப்பாகையும் பாவாடையும் அணிந்திருந்தனர். அத்துணியின் பெயர் என்ன என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டோம். "மட்ராஸ்" என்றார் அவர். நம் சோழமண்டலக் கரையின் தறிகளில் நெய்து, கப்பலேறி, ஆப்பிரிக்கா வழியாகவும் ஐரோப்பா வழியாகவும் இங்கு வந்து சேர்ந்த துணி, இன்று அந்நாட்டின் தேசிய உடை. நாங்கள் மதராசிலிருந்து வருகிறோம் என்றதும் அவர் எங்களைத் தொலைந்துபோன உறவினரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

ஆலயத்தின் எதிரே உள்ள திடலுக்கு, 1992-இல் இலக்கிய நோபல் பரிசு பெற்ற டெரெக் வால்காட்டின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. அத்திடலில் படர்ந்து நிற்கும் முதுமரம் நம் ஊர்ச் சாலையோரத் தூங்குமூஞ்சி மரமேதான். அமெரிக்க வெப்பமண்டலத்தில் பிறந்த அம்மரம் நம்மிடம் வந்தது. நம் துணி இங்கே வந்தது. கடல் இரு பக்கமும் கொடுத்து வாங்கியிருக்கிறது.

அங்கிருந்து வடக்கே ரெதுயிக் கடற்கரைக்குச் சிற்றுந்தில் சென்றோம். விடுமுறை நாளாதலால் வண்டிகள் குறைவு; அரை மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. பதினான்கு பேர் அமரும் அந்த வண்டியில் ஏறுகிற ஒவ்வொருவரும், முன்பின் அறியாத எல்லோருக்குமாகச் சேர்த்துக் 'காலை வணக்கம்' சொல்லிவிட்டே அமர்கின்றனர். உள்ளே இருப்போர் ஒருமித்த குரலில் மறுமொழி தருகின்றனர். வணக்கம் சொல்லாமல் ஏறுகிறவரை நாகரிகம் அறியாதவர் என்றே கருதுவார்கள். நாங்களும் சொன்னோம். அந்தக் கணத்திலிருந்து நாங்கள் கப்பலில் வந்த கூட்டத்தினர் அல்லர். வண்டியில் வந்த நால்வர். எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டறிந்து, இறங்கும் இடத்தை ஓட்டுநருக்கு மூன்று பேர் உரக்கச் சொன்னார்கள். கட்டணம் கிழக்குக் கரீபிய டாலரில். ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 என்னும் அதன் மதிப்பு 1976 முதல் மாறவில்லை. இதே கடற்கரைக்குக் கப்பலில் விற்கும் சீட்டின் விலை இந்தக் கட்டணத்தைப்போலப் பல மடங்கு. அதில் ஒரு பெரும்பங்கு கரையைத் தொடாமலே போய்விடுகிறது.

இந்தப் பணக்கணக்கு அத்தீவு மக்களுக்கு அற்பமானதன்று. நெடுங்காலம் வாழைதான் அவர்களுக்குச் சோறு போட்டது. இத்தகைய தீவுகளின் வாழைக்கு ஐரோப்பியச் சந்தையில் தரப்பட்ட சலுகை முறை செல்லாது என்று 1997-இல் உலக வர்த்தக அமைப்பு தீர்ப்பளித்த பின், சிறு உழவர் பலர் வாழையைக் கைவிட்டனர். மலைச்சரிவில் நின்றவர்கள் கடற்கரைக்கு இறங்கினர். இன்று பயணிகளே அவர்களுடைய விளைச்சல். விளைந்தது யார் களஞ்சியத்துக்குப் போகிறது என்ற கேள்வி மட்டும் பழைய கேள்விதான்.

ரெதுயி அழகிய கரை. இளம்பச்சை நீர், அலையடங்கிய வளைகுடா, வடகோடியில் புறாத்தீவின் இரட்டைக் குன்று. 1782-இல் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ராட்னி அக்குன்றிலிருந்துதான் மார்த்தினிக்கில் நின்ற பிரெஞ்சுக் கப்பல்களைக் கண்காணித்தார். மணலை ஒட்டி விடுதிகள். விடுதிகளின் முன்னே வரிசை வரிசையாக நாற்காலிகள். அவ்வரிசைக்கும் கடலுக்கும் நடுவில், ஒரு நாட்டு வாதுமை மரத்தின் நிழலில், மூதாட்டி ஒருவர் பேரப்பிள்ளைகள் ஐவரோடு துணி விரித்து அமர்ந்திருந்தார். வேறு நிழல் இல்லாமையால் அனுமதி கேட்டு அருகில் அமர்ந்தோம்.

சற்று நேரத்தில் விடுதிப் பணியாளர் ஒருவர் அவ்வழியே வந்தார். மூதாட்டியை எழுப்பிவிடுவாரோ என்று நாங்கள் அஞ்சினோம். அவரோ வணக்கம் சொல்லிவிட்டுக் கடந்து போனார். எங்கள் முகத்தைப் படித்த மூதாட்டி சிரித்தார். "இது அரசியின் சங்கிலி, இங்கிருந்து என்னை யாரும் எழுப்ப முடியாது" என்றார்.

அதன் வரலாறு சுவையானது. பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மன்னர் தம் தீவுகளின் கரையோரத்தில் ஐம்பது தப்படி அகல நிலத்தைப் பாதுகாப்பின் பொருட்டுத் தமக்கென ஒதுக்கிவைத்தார். தோட்ட முதலாளிகள் அதை விலைக்கு வாங்க இயலாது. பின்னர் ஆங்கிலேயர் ஆட்சியில் அதுவே, நிலம் அளக்கும் சங்கிலியின் பெயரால், 'அரசியின் சங்கிலி' எனப்பட்டது. பீரங்கிகளுக்காக ஒதுக்கிய நிலம், மன்னர்கள் போன பின் மக்களின் அமருமிடமாக எஞ்சியது. ஏழைகளை எண்ணி இயற்றாத சட்டம் ஏழைகளுக்கு நிழலானது!

எல்லாத் தீவுகளுக்கும் இப்பேறு வாய்க்கவில்லை. ஜமைக்காவில் ஆங்கிலேயர் காலத்தில், 1956-இல் இயற்றிய கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டம், பொதுமக்களுக்குக் கரையின்மீது பொதுவான உரிமையைத் தரவில்லை. தலைமுறை தலைமுறையாகக் குளித்த கரைக்காக அங்கே மக்கள் நீதிமன்றப் படியேறியிருக்கின்றனர். புனித லூசியாவிலும் மூதாட்டிக்கு ஒரு குறை இருந்தது. வேறு சில குடாக்களில் மணல் பொதுவானதாகவே இருக்க, அதற்குச் செல்லும் பாதை தனியார் வேலிக்குள் அகப்பட்டுக்கொள்கிறது என்றார். "கரை எங்களுடையது, கரைக்குப் போகும் வழி எங்களுடையதன்று" என்று அவர் சொன்னபோது குரலில் சினம் இல்லை, நெடுநாள் களைப்பு இருந்தது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், அழகு மிகுந்த இடங்கள் தனியுடைமையாகி மக்கள் அவற்றை அணுக முடியாமற் போவதைக் குறிப்பிட்டிருக்கிறார். அதைப் படித்தபோது நகரத்துப் பூங்காக்களே எங்கள் நினைவுக்கு வந்தன. அந்த மரத்தடியில்தான் அதன் முழுப் பொருளும் விளங்கிற்று. அழகு என்பது வயிறு நிறைந்த பின் தேடும் ஆடம்பரம் அன்று. படைத்தவர் அதைப் பந்தியில் பரிமாறியிருக்கிறார். பந்தியில் முந்தியவர்கள் இலைகளை மடியில் கட்டிக்கொள்ளலாகாது.

நண்பகலில் மூதாட்டி சுட்ட ஈரப்பலாவையும் உப்பு மீனையும் பிரித்து எங்களுக்கும் வைத்தார். ஈரப்பலா பசிபிக் தீவுகளிலிருந்து வந்தது. அதை 1793-இல் ஆங்கிலேயர் கரீபியத் தீவுகளுக்குக் கொண்டுவந்தது, அடிமைகளுக்கு மலிவாக உணவளிப்பதற்காகவே. தலைக்கு மேலே நின்ற வாதுமையும் ஆசியாவிலிருந்து வந்ததே. அவருடைய முன்னோர் அடிமைக் கப்பலில் வந்தனர். 1838-இல் அடிமை முறை முற்றாக ஒழிந்த பின், 1859 முதல் 1893 வரை நம் நாட்டிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளைக் கப்பல்கள் இத்தீவுக்குக் கொண்டுவந்தன. வடக்கே கடலுக்கு அப்பால் தெரியும் மார்த்தினிக்குக்கு 1853 முதலே புதுவையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழர்கள் போயினர். அவர்களில் எத்தனையோ பேருக்குத் திரும்பும் கப்பல் கிடைக்கவே இல்லை. எங்களுக்கோ மாலை நான்கரைக்குள் கப்பலேற வேண்டும் என்பதே பெருங்கவலை. வந்திறங்கியவர் அனைவருக்கும் கரை ஒன்றுதான். வந்த வகைகள்தாம் எத்தனை!

உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, அதன்மேல் மீன் வைத்துச் சீடர்களைச் சாப்பிட அழைத்தார் என்று யோவான் நற்செய்தி கூறுகிறது. இரவெல்லாம் உழைத்தவர்களுக்கு, யாருடையதும் அல்லாத கரையில், காலை உணவு. அந்தக் காட்சியை நாங்கள் ஆலய மறையுரைகளில் பலமுறை கேட்டதுண்டு. வாதுமை நிழலில் நீட்டிய கையிலிருந்து வாங்கி உண்டபோது அது வேறு விதமாக உறைத்தது. பணம் கொடுக்க முயன்ற எங்களை மூதாட்டி கையசைத்துத் தடுத்துவிட்டார். அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு அங்கே விற்ற இளநீர் வாங்கித் தந்தோம். அதை அவர் மறுக்கவில்லை.

இரண்டு மணிக்கெல்லாம் புறப்பட்டு, ஈர உடை மாற்றி, சட்டை அணிந்துகொண்டு வண்டியேறினோம். கடற்கரை உடையோடு நகருக்குள் திரிவதை அவ்வூரார் விரும்புவதில்லை. மூன்றரைக்குத் துறைமுகம் சேர்ந்தோம்.

வாயிலருகே ஒரு சுவரை ஒட்டிக் கப்பல் ஊழியர்கள் பலர் கைப்பேசியும் கையுமாக அமர்ந்திருந்தனர். அவர்களிடையே தமிழ்க் குரல் கேட்டுத் திரும்பினோம். குமரிக் கடற்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்த இளைஞர், எங்கள் கப்பலின் சலவைப் பிரிவில் பணி, மீனவர் மகன். தாயோடு பேசி முடித்துவிட்டு எங்களிடம் வந்தார். இத்துறைக்குப் பன்னிரண்டு முறை வந்தவர், இத்தீவின் மணலை ஒருமுறையும் மிதித்ததில்லை. "பக்கத்திலேயே ஒரு கடற்கரை இருக்குது, ஐயா. கிடைக்கிறது ரெண்டு மணி நேரம். கடலைப் பார்க்கிறதா, அம்மா குரலைக் கேட்கிறதா?" என்றார். கப்பல் ஊழியர்க்குக் கரையிறங்கும் விடுப்பு உண்டென 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது. ஆனால் விடுப்பின் நீளத்தைச் சலவைக்கு வரும் துணி மூட்டைகளே முடிவு செய்கின்றன. நாங்கள் மணலோடு கழற்றிப் போடும் துண்டுகளும் அம்மூட்டைகளில் உண்டு.

1920-இல் கிளாஸ்கோவில் தொடங்கி, இன்று 'ஸ்டெல்லா மாரிஸ்' என்னும் பெயரில் உலகத் துறைமுகங்களில் பணியாற்றும் கடலோர் மறைப்பணி, இத்தகையோருக்குத் தொலைபேசியும் போக்குவரத்தும் உற்ற துணையும் தந்து வருகிறது. ஜூலை மாத இரண்டாம் ஞாயிறு, கடல் ஞாயிறு என்று அவர்களுக்காக மன்றாடும் நாள். நம் பங்குகளில் எத்தனை வீடுகளின் பிள்ளைகள் கப்பல்களில் இருக்கின்றனர் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த ஞாயிறு நமக்கு அயலாருடைய நாளாகத் தோன்றாது.

புனித லூசியாள் கண்களின் பாதுகாவலி. பார்வை வேண்டி நாம் அவரிடம் மன்றாடுகிறோம். கண் நோய் தீர்வது ஒரு வரம்; கண்ணெதிரே இருப்பவரைக் காண்பது மற்றொரு வரம். விடுமுறை நாளில் எந்தக் கரைக்கு நாம் போனாலும், அது கரீபியமாயினும் வேறெதுவாயினும், இரண்டு கேள்விகளை உடன் கொண்டுபோவது நல்லது. இந்த ஊரார் இந்த மணலில் நம்மைப்போல் அமர முடிகிறதா? நாம் அமர்வதற்காக உழைத்தவர் எங்கே அமர்ந்திருக்கிறார்? அவர்களுக்கு முதலில் வணக்கம் சொல்லிவிட்டு, அதன் பின் நம் துணியை விரிப்போம்.