ஆடிய மூடிக்கு நன்றி

அன்புள்ள அன்யேஸ் வர்தா அம்மையாருக்கு,

2019 மார்ச்சில், 90 வயதில் போய்விட்டீர்கள். இந்த மடல் உங்களிடம் வந்து சேராது. உங்கள் படங்களை இன்னும் பார்க்காத யாராவது படிக்கட்டும் என்றுதான் திறந்தே எழுதுகிறேன்.

முதல் நன்றி அந்த லென்ஸ் மூடிக்கு. அறுவடை முடிந்த வயல்களில் மிச்சம் பொறுக்குகிறவர்களைப் பற்றி 2000-இல் வெளிவந்த உங்கள் ஆவணப்படத்தில், கேமராவை அணைக்க மறந்து, கையில் தொங்கவிட்டபடி நடக்கிறீர்கள். தரையும் அதன்மேல் ஆடுகிற மூடியும் பதிவாகிவிட்டன. வேறு யாராக இருந்தாலும் எடிட்டிங்கில் வெட்டியிருப்பார்கள். நீங்களோ ஜாஸ் இசை சேர்த்து அதை ஒரு நடனமாக்கிவிட்டீர்கள். அதே படத்தில், ஒரு கையில் சின்ன டிஜிட்டல் கேமராவைப் பிடித்துக்கொண்டு மறு கையைப் படமெடுக்கிறீர்கள். சுருங்கி, புள்ளி விழுந்த கை. பரிதாபம் கேட்கவில்லை, முன்பின் தெரியாத ஒரு பிராணியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறீர்கள்.

விலை போகாதென்று கொட்டிய குவியலிலிருந்து இதய வடிவ உருளைக்கிழங்குகளை வீட்டுக்கு எடுத்துப் போனீர்கள். அவை வதங்கி முளைவிட்டபோதும் தூக்கிப் போடவில்லை. 2003 வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியில் அந்த முளைகள் திரையில் பெரிதாக விரிந்தன. நீங்கள் உருளைக்கிழங்கு வேடம் போட்டுக்கொண்டு வந்தவர்களை வரவேற்றீர்கள். புகைப்படத்தில் தொடங்கி, 1955-இல் முதல் படம் தந்தவர், 75 வயதில் நிறுவல் கலைக்குள் நுழைந்த விதம் அது!

ஆனால் நான் மிகவும் கடன்பட்டிருப்பது உங்கள் கணவர் ழாக் தெமியை நீங்கள் எடுத்த படத்துக்கு. அவருடைய இளமைப் பருவத்தை நடிகர்களை வைத்துப் படமாக்கினீர்கள். நடுநடுவே, நோயுற்றிருந்த அவருடைய நரைமுடி, தோல், கண் ஆகியவற்றின் மிக அருகே கேமராவைக் கொண்டுபோனீர்கள். படம் 1991-இல் வெளியானபோது அவர் இல்லை. நெருங்கியவரின் உடலை இப்படிப் படமெடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அது தடவிக்கொடுக்கும் கையாகவே தெரிகிறது. பிறகு நுவார்மூத்தியே தீவின் கைம்பெண்கள் 14 பேரை வைத்து ஒரு நிறுவல் செய்தீர்கள். 14 திரைகள், 14 நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஹெட்போன். ஒரு நேரத்தில் ஒருத்தியின் துக்கத்தைத்தான் கேட்க முடியும். அந்த 14 பேரில் ஒருவரான நீங்கள் மட்டும் எதுவும் சொல்லவில்லை.

புகைப்படக் கலைஞர் ஜேஆருடன் சேர்ந்து எடுத்த படத்தில், கடற்கரையில் விழுந்து கிடக்கும் பழைய ஜெர்மன் பதுங்குகுழியின்மீது இறந்துபோன நண்பர் கீ பூர்தனின் படத்தை ஒட்டினீர்கள். மறுநாள் காலைக்குள் அலை கழுவிவிட்டது. மறுபடி ஒட்டவில்லை. இழப்பைத் திருத்த ஓடாத அந்த நிதானம் எனக்கும் கொஞ்சம் தொற்றியிருக்கிறது.

கடைசியாக, 1966-இல் ஓடாமல் போன உங்கள் படத்தின் பிலிம் சுருள்களால் 40 ஆண்டுகள் கழித்து நீங்கள் கட்டிய குடிசைக்கும் நன்றி. படத்தைத் தேடிப் பார்க்கும் ஆசை எனக்கு இன்னும் வரவில்லை, குடிசை போதும்.

இப்படிக்கு,
உங்கள் ரசிகர்களில் ஒருவர்