யாரும் நினைக்கவில்லை

தை 12, கொக்கிலமேடு

ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா வீடு வந்து நான்கு நாள். பக்கவாதத்தில் விழுந்த இடது கை கொஞ்சம் தேறிவிட்டது. மூக்குக் குழாயை எடுத்துவிட்டு, "கஞ்சியா குடுங்க, தண்ணி நெறைய குடிக்கட்டும்" என்று அனுப்பிவிட்டார்கள். இன்று ரசம் சோறு. இரண்டாவது வாயிலேயே புரையேறியது. சித்தி உச்சந்தலையில் தட்டி, "யாரோ நெனக்கிறாங்க அக்கா" என்றாள். கண்ணில் நீர் வழிய இருமி முடித்த அம்மா, தட்டைத் தள்ளிவிட்டாள்.

தை 15

அம்மா சொம்பில் வாய் வைக்கமாட்டாள். தூக்கி அண்ணாந்துதான் குடிப்பாள், எச்சில் படக்கூடாது. குடித்த பிறகு குரல் கொரகொரவென்று ஈரமாக வருகிறது. ராத்திரி காய்ச்சல்.

தை 19

நுரையீரலில் சளி கட்டியிருக்கிறதாம். சாப்பாடும் தண்ணீரும் மூச்சுக்குழாய்க்குள் போனதன் விளைவு என்றார் டாக்டர். பேச்சு சிகிச்சையாளரைப் பார்க்கச் சொன்னார். பேச்சு குழறுவதற்காக என்று நினைத்துக்கொண்டேன்.

தை 27, செங்கல்பட்டு

திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் வந்தோம். பேச்சு சிகிச்சையாளரான பெண் ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்து, அம்மாவின் தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தார். விழுங்கும்போது குரல்வளை மேலே எழும்பி மூடிக்கொள்ள வேண்டும். எல்லாம் ஒரு நொடி வேலை. அம்மாவுக்கு அது தாமதமாகிறது, தண்ணீரோ காத்திருப்பதில்லை. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆரம்பத்தில் இந்தத் தொல்லை உண்டு, பலருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும் என்றார். சிலருக்கு உள்ளே போனாலும் இருமலே வராதாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

ரசம் சோறு கூடாது: ரசம் முந்திக்கொள்ளும், சோறு பிந்தி நிற்கும். அண்ணாந்து குடித்தால் தண்ணீருக்கு நாமே வழிவிட்ட மாதிரி. நோயாளிக்கு இதம் என்று நாம் கொடுப்பது, செய்வது எல்லாமே இவளுக்கு ஆபத்து!

மாசி 4

கஞ்சியின் கெட்டியை அளக்க, சிகிச்சையாளர் 10 மில்லி சிரிஞ்ச் ஒன்று கொடுத்தனுப்பியிருக்கிறார். ஊசி கிடையாது, தள்ளுகோலும் கிடையாது. அடியில் விரலை வைத்து அடைத்து, 10 வரை கஞ்சி ஊற்றி, விரலை எடுத்து பத்து விநாடி ஒழுகவிட வேண்டும். அம்மாவுக்கு 4 முதல் 8 மில்லிக்குள் மீதி நிற்க வேண்டும். இந்தக் கெட்டிக்கு உலகம் முழுக்க இதே அளவுதானாம். தண்ணீர் என்றால் ஒரு சொட்டு மிஞ்சாது. என் முதல் கஞ்சி 2-இல் நின்றது. கேழ்வரகைக் கூட்டி, வடிகட்டி, மறுபடி ஊற்றினேன்: 6. ஆனால் எச்சில் பட்ட கஞ்சி கிண்ணத்திலேயே நீர்த்துப்போகிறது. பாதியில் கிண்ணத்தை மாற்றினேன்.

மாசி 11

சதுரங்கப்பட்டினத்தில் வளைகாப்பு. அம்மா வரவில்லை. "பந்தியில இருமிக்கிட்டு உக்காந்தா பக்கத்து எலக்காரி எந்திரிச்சிடுவா" என்றாள். முப்பது வருஷம் கூடை சுமந்து, தெருத்தெருவாகக் கூவி மீன் விற்றவள். இப்போது உள்ளறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறாள். டீயை நிறுத்திவிட்டாள், கெட்டியாக்கிய டீ கூழ் மாதிரி இருக்கிறதாம். அவள் சொல்வதும் சரிதான், நானும் குடித்துப் பார்த்தேன்.

விழுங்கும் சிரமம் வாழ்க்கையை எப்படிக் கெடுக்கிறது என்று அளக்க 44 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று இருக்கிறது. பயமா, அலுப்பா, வெளியே சாப்பிடப் போவதில்லையா என்று கேட்கிறது. அம்மாவிடம் கேட்க எனக்கு ஒரே கேள்விதான்: சுவர்ப் பக்கம் ஏன் திரும்பிக்கொள்கிறாய்?

மாசி மகம்

மாமல்லபுரம் கடற்கரையில் இருளர் குடும்பங்கள் புடவைகளைக் கட்டிக் குடில் போட்டிருக்கிறார்கள். தெருவெல்லாம் ஜனம். அம்மா சங்கரா மீன் கேட்டாள். முள்ளை மூன்று முறை விரலால் தடவிப் பார்த்து எடுத்து, சதையைக் குழம்போடு மசித்துக் கெட்டியாக்கினேன். நிமிர்ந்து உட்கார்ந்து, மோவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, ஸ்பூன் நுனியளவு; ஒவ்வொரு வாய்க்கும் இரண்டு முறை விழுங்க வேண்டும். எல்லாருக்கும் இந்த முறை பொருந்தாது, அம்மாவுக்குச் சோதித்துப் பார்த்துச் சொன்னது.

"உப்பு கம்மி" என்றாள்.

சாப்பிட்டு முடிக்க நாற்பது நிமிஷம். புரையேறவில்லை. திண்ணையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள்.