முன்னுக்கு வாங்க அக்கா

தெல்தெனியவிலிருந்து ரங்கலைப் பக்கம் ஏறும் பாதையிலுள்ள தோட்டமொன்றில், சில வருடங்களுக்கு முன்னர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். தாலி கட்டும் நேரம். நாதஸ்வரமும் தவிலும் முழங்க, எல்லோரும் அட்சதையோடு மணவறையை நெருங்கினார்கள். எங்கள் தையல் வகுப்புக்கு வரும் அக்கா ஒருவர் மட்டும் சமையற்கட்டுப் பக்கம் ஒதுங்கி நின்றார். மணப்பெண்ணின் கூறைச் சேலைக்கு இரவிரவாக விழித்திருந்து ரவிக்கை தைத்துக் கொடுத்தவர் அவர்தான். வன்னியில் குடியேறி, போரில் கணவரைப் பறிகொடுத்து, இரண்டு பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குத் திரும்பியவர்.

"முன்னுக்கு வாங்க அக்கா" என்றேன்.

"வேணாம் மிஸ். நல்ல காரியம் நடக்குது. நான் இங்கேயே நிக்கிறேன்" என்றார்.

நான் மறுபேச்சுப் பேசவில்லை. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள் நான். கைம்பெண்களை ஒதுக்கும் வழக்கம் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள். ஆனால் அன்று அட்சதையைப் போட்டுவிட்டுப் பந்தியில் போய் உட்கார்ந்துவிட்டேன். அது இன்றும் மனதை உறுத்துகிறது.

அதன் பிறகு நாதஸ்வரம் கேட்கும்போதெல்லாம் அதை வாசித்த இரண்டு பெண்களை நினைத்துக்கொள்வேன்.

ஒருவர் மதுரை எம்.எஸ்.பொன்னுத்தாய். நாதஸ்வரம் இலேசான வாத்தியமல்ல. நீண்ட மரக்குழலின் சீவாளியில் உதட்டை வைத்து, அடிவயிற்றிலிருந்து மூச்சைக் கொடுக்க வேண்டும். சுவாமி ஊர்வலத்தில் நடந்துகொண்டே ஊத வேண்டும். இது ஆண்களின் தொழில் என்றே ஊர் நினைத்திருந்த காலத்தில், அவர் சிறு வயதிலேயே முறையாகக் கற்று, கோயில் திருவிழாக்களில் வாசித்துப் பேரும் புகழும் பெற்றார். கணவர் இறந்ததும் வாசிப்பு நின்றுபோனது. நாதஸ்வரம் மங்கல வாத்தியமாம். கணவனை இழந்தவள் சபையில் அதை வாசிக்கக்கூடாதாம். 2012ஆம் ஆண்டு அவர் காலமானார்.

யோசித்துப் பாருங்கள். அவருடைய விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கற்ற இராகங்களும் மறந்துபோகவில்லை. அவரை முன்னுக்கு அழைக்கத்தான் ஆள் இல்லாமற்போனது.

மற்றவர் காலீஷாபி மஹபூப். ஆந்திராவில் நாதஸ்வரத்தைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். முதலில் தந்தை கற்பித்தார். திருமணத்தின் பின் கணவர் ஷேக் மஹபூப் சுபானி அவரைத் தன்னோடு சரிசமமாக மேடையில் அமர்த்தி வாசித்தார். இருவரும் ஸ்ரீரங்கத்தில் ஷேக் சின்ன மௌலானாவிடம் மாணவர்களாகச் சேர்ந்தார்கள். அந்தக் குருவின் கதையும் அறியவேண்டியது. அவரும் ஆந்திராவைச் சேர்ந்தவர்தான். தஞ்சாவூர்ப் பாணியில் ஆசைப்பட்டு, வித்துவானான பிறகும் தமிழ்நாட்டுக்கு வந்து மறுபடியும் மாணவராக உட்கார்ந்து கற்றவர். 1982இல் ஸ்ரீரங்கத்தில் இசைப்பள்ளி தொடங்கி, தான் கற்றதைப் பிறருக்கும் கொடுத்தார். அந்த வழியில் வந்த காலீஷாபிக்கும் கணவருக்கும் 2020ஆம் ஆண்டு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது. 2018 மார்ச்சில் எங்கள் தெல்தெனிய, திகன பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்ததைக் கண்ட எனக்கு, இவர்கள் இந்துக் கோயில்களில் வாசிக்கிறார்கள் என்பதும் ஓர் ஆறுதல்.

ஒரு தொழிலைக் கற்றுக்கொடுத்து, தையல் மெஷினையும் கையில் கொடுத்துவிட்டால் எங்கள் கடமை முடிந்தது என்றுதான் முன்பு நினைத்திருந்தேன். பொன்னுத்தாயிடமும் தொழில் இருந்தது. அது அவரைக் காப்பாற்றவில்லை. காலீஷாபிக்குத் தொழிலோடு, ஒவ்வொரு படியிலும் கையைப் பிடித்து ஏற்றிவிட ஒருவர் இருந்தார். கற்றுக்கொடுப்பவர் அந்த வேலையையும் செய்யவேண்டும் என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

கடந்த முறை புதிய தையல் வகுப்பைத் தொடங்கியபோது, குத்துவிளக்கின் முதல் திரியை ஏற்ற அந்த அக்காவைக் கூப்பிட்டேன்.

"நானா மிஸ்?" என்று தயங்கினார்.

"நீங்கதான் அக்கா" என்று மறுபடியும் கூப்பிட்டேன்.

கை நடுங்கியது. பின்வரிசையில் யாரோ முணுமுணுத்ததும் என் காதில் விழுந்தது. ஆனாலும் விளக்கு எரிந்தது. இன்று ஆறு பிள்ளைகளுக்கு அளவெடுக்கவும் துணி வெட்டவும் அவர்தான் கற்றுக்கொடுக்கிறார். அந்தப் பிள்ளைகளுக்கு அவர்தான் குரு.

சகோதரிகளே, அடுத்த நல்ல காரியத்தில் ஒதுங்கி நிற்பவர் நீங்களாக இருந்தால், ஓரடி முன்னுக்கு வையுங்கள். அப்படி நிற்கும் ஒருவரை நீங்கள் கண்டால், நான் அன்று செய்ததைப் போல ஒருமுறை கூப்பிட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். இரண்டாம் முறையும் கூப்பிடுங்கள்.