தலைகீழ் நிலா

"நிலா ஏன் தலைகீழாத் தெரியுது?" தொலைநோக்கியில் முதன்முறை பார்த்தபோது கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். மொட்டைமாடியில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

பழகிய சிரிப்புதான். கல்லூரி ஆய்வகத்தில் ஒரு சந்தேகம் கேட்டபோது, "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இயற்பியல்?" என்று ஆசிரியரும் சேர்ந்து சிரித்தார். பிறகு இருபது ஆண்டுகள் நான் எதையும் கேட்கவில்லை.

இங்கே, குழுவின் மூத்த அக்கா என் கையில் கடலைமிட்டாயைத் திணித்தார். "கேட்டாச்சுல்ல, இனி நீ எங்க ஆளு. நானும் வந்த அன்னைக்கு இதைத்தான் கேட்டேன்." பிறகு சாக்பீஸால் தரையில் வரைந்தார்: குழியாடியில் பட்டுத் திரும்பும் ஒளி, நிலாவின் மேற்பகுதியைக் கீழேயும் கீழ்ப்பகுதியை மேலேயும் கொண்டு சேர்க்கிறது.

2007இல் டச்சுப் பள்ளி ஆசிரியை ஹானி வான் ஆர்கெல், தன்னார்வலராக விண்மீன் மண்டலப் படங்களை வகைப்படுத்தும்போது, ஒரு படத்தில் தெரிந்த திட்டு என்னவென்று கேட்டார். வானியலாளர்களுக்கே தெரியவில்லை. அது மாபெரும் வாயு மேகம். இன்று அவர் பெயரால் அறியப்படுகிறது. அவரையும் யாராவது வாயடைத்திருந்தால்?

இரண்டு இடத்திலும் சிரித்தார்கள். ஓரிடத்தில் சிரிப்புக்குப் பின் பதில் வந்தது.

போன மாதம் ஒரு மாணவி புதிதாக வந்தாள். அதே கேள்வி. எல்லோரும் சிரித்தோம். என் பையில் கடலைமிட்டாய் இருந்தது.