இல்லாத கைக்கு எத்தனை சதவீதம்?

பவர் பிரஸ்ஸில் கை போனவர்கள் சொல்லும் புகார் ஒன்று உண்டு. அதை வீட்டில் சொல்லவே முதலில் தயங்குவார்கள். "எடுத்துட்ட கை வலிக்குது."

கட்டுப் பிரித்து, தையல் ஆறி, முன்கையின் நுனியைத் தோல் வழவழவென்று மூடிக்கொண்ட பிறகும் வலிக்கும். வலி அந்த நுனியில் இருந்தால் யாருக்கும் குழப்பமில்லை. அதற்கு ஒரு சாண் அப்பால், வெறும் காற்று இருக்கும் இடத்தில் வலிக்கிறது என்பார்கள். விரல் ஐந்தும் மடங்கி இறுகிக் கிடக்கிறது, நகம் உள்ளங்கையில் குத்துகிறது, எவ்வளவு முயன்றும் பிரிக்க வரவில்லை. சிலருக்குச் சுண்டு விரலில் ஓயாத நமைச்சல். சொறிந்துகொள்ள அங்கே விரல் இல்லை.

திருவொற்றியூரில் தொடங்கி எண்ணூர், மணலி வரை லாரியும் மோட்டார் சைக்கிளும் டயரும் செய்யும் பெரிய ஆலைகளும், உதிரிபாகம் அடித்துக் கொடுக்கும் சின்னப் பட்டறைகளும் நிறைந்த மண் இது. காசிமேட்டுப் பக்கம் போனால் விசைப்படகின் வின்ச், ஐஸ் உடைக்கும் மெஷின். எல்லாமே கையை நம்பி ஓடும் வேலை. அதனால்தானோ என்னவோ, ராயபுரத்தை ஒட்டிய ஸ்டான்லி மருத்துவமனையில் கைக்கென்றே தனி அறுவைச் சிகிச்சைத் துறை வளர்ந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் டாக்டர் ஆர். வெங்கடசாமி ஊன்றிய அந்தத் துறைக்கு இன்று நாடெங்கும் பெயர். துண்டான விரலைச் சுத்தமான பையில் போட்டு, அந்தப் பையை ஐஸில் வைத்து எடுத்துவர வேண்டும், விரல் நேராக ஐஸில் படக்கூடாது என்பது இந்தப் பக்கத்தில் பல தொழிலாளர்களுக்கு அத்துப்படி.

ஒட்ட வைக்க முடிந்த கைகள் வேலைக்குத் திரும்புகின்றன. முடியாமல் போனவர்களுக்குத்தான் அந்த வலி. "பிரமை", "மனசைத் தேத்திக்கோ" என்று வீட்டில் சொல்வார்கள். பட்டறையில் பேச்சு இன்னும் மோசமாக இருக்கும்: இழப்பீட்டுக்காக நடிக்கிறான். கையை இழந்தவனிடம் அவன் சொல்லையும் பறிக்கும் வார்த்தை அது. அதைவிடக் கொடுமையான சந்தேகம் இருக்க முடியுமா?

இந்தத் தயக்கம் தொழிலாளிக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்த சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்த சைலஸ் வேர் மிட்செல், தான் கேட்டதை 1866-இல் முதன்முதலாக வெளியிட்டது ஒரு பத்திரிகைச் சிறுகதையாக. அதிலும் தன் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. இதற்கு மாய உறுப்பு என்ற பொருளில் அவர் ஒரு பெயர் வைத்ததே 1871-இல்தான். அவருக்கு இருநூறு ஆண்டுக்கு முன்பே, 1641-இல் தெகார்த் தன் தத்துவ நூலில், வெட்டி எடுத்த கையிலும் காலிலும் வலி தெரிவதாகச் சொன்னவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். உள்ளே எழும் உணர்வைக்கூட முழுதாக நம்பிவிட முடியாது என்பதற்கு அவருக்கு அது சாட்சி.

விஷயம் மூளை ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்த வழி ஸ்டான்லியைத் தொட்டுப் போகிறது. கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றால்தான் வடசென்னையில் பழைய ஆட்களுக்குப் புரியும். 1782 பஞ்சத்தில் மணியக்காரர் சத்திரத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய கதை அந்தப் பெயரில் இருக்கிறது. 1938-இல் கல்லூரியாக உயர்ந்த இந்த இடத்தில் மருத்துவம் படித்தவர் நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன். பிறகு கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் ஆராய்ச்சி, அதன்பின் கலிஃபோர்னியாவின் சான் டியாகோ.

அவர் கையில் எடுத்த முதல் கருவி காது குடையும் பஞ்சுக் குச்சி. கை இழந்த ஓர் இளைஞனின் கண்ணைக் கட்டிவிட்டு, அந்தக் குச்சியால் கன்னத்தைத் தொட்டார். என் கட்டை விரலைத் தொடுகிறீர்கள் என்றான் இளைஞன். மேல் உதட்டைத் தொட்டால் ஆள்காட்டி விரல். இல்லாத கை முழுவதும் முகத்தின் மேல் விரிந்து கிடந்தது. 1992-இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்புக்கு அவர் சொன்ன விளக்கம் எளியது. உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் மூளையின் மேற்பரப்பில் ஓர் இடம் உண்டு என்று கனடாவின் வைல்டர் பென்ஃபீல்டு 1937-லேயே வரைந்து காட்டியிருந்தார். அந்தப் படத்தில் கைக்கு அடுத்த வீடு முகம். கையிலிருந்து சேதி வருவது நின்றதும், காலியான வீட்டுக்குள் முகம் குடியேறிவிடுகிறது. தொட்டது கன்னத்தை, மூளை அதை விரல் என்று படிக்கிறது.

இரண்டாவது கருவி இன்னும் எளியது. மேல்மூடி இல்லாத அட்டைப்பெட்டி, நடுவே நிமிர்த்தி வைத்த கண்ணாடி. நல்ல கையைக் கண்ணாடியின் முகப்புப் பக்கம் நீட்டி, மொட்டைக் கையைப் பின்புறம் மறைத்துக்கொள்ள வேண்டும். தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கண்ணாடிக்குள் பார்த்தால், போன கை போன இடத்திலேயே இருக்கிறது. இப்போது நல்ல கையை மெல்ல மூடித் திறந்தால், மாதக்கணக்கில் இறுகிக் கிடந்த மாயக் கையும் கூடவே விரல் பிரிக்கிறது. மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பின் கையை இழந்து, பத்து ஆண்டாக அசையாத மாயக் கையோடு வாழ்ந்த ஒருவர், பெட்டிக்குள் பார்த்ததும் கை அசைகிறது என்று கூவினாராம். கண்ணை மூடினால் மறுபடி உறைந்துவிடும். பெட்டியை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சில வாரம் பழகிய பிறகு கை மறைந்து, விரல்கள் மட்டும் தோளில் ஒட்டிக்கொண்டதாக வந்து சொன்னார்.

2007-இல் அமெரிக்க ராணுவ மருத்துவமனை ஒன்றில் கால் இழந்தவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஆறு பேர் கண்ணாடியைப் பார்த்துப் பழகினார்கள், ஆறு பேருக்கும் வலி குறைந்தது. கண்ணாடியைத் துணியால் மூடிவிட்டு அதே பயிற்சியைச் செய்த ஆறு பேரில் ஒருவருக்குத்தான் குறைந்தது. பின்னால் வந்த சோதனைகளில் எல்லோருக்கும் இது பலிக்கவில்லை. ஆனாலும் பலரைத் தூங்க வைத்த கண்ணாடி அது.

வீடு காலியாகிறது, பக்கத்து வீட்டுக்காரர் வருகிறார் என்ற விளக்கம் பாடப்புத்தகம் வரை ஏறியது. 2013-இல் ஆக்ஸ்ஃபோர்டில் தாமர் மாக்கினும் குழுவினரும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, வலி அதிகம் உள்ளவர்களின் மூளையில் கையின் இடம் அழியாமல் இருப்பதைக் கண்டார்கள். 2025-இல் வெளியான ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. கையை எடுக்கப் போகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்த மூன்று பேரை, எடுப்பதற்கு முன்னும் எடுத்துப் பல மாதம் கழித்தும் ஸ்கேன் செய்தார்கள். கையின் வரைபடம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. உடம்பு விட்டுவிட்ட கையை மூளை விடவில்லை. பஞ்சுக் குச்சி காட்டியது பொய்யில்லை, அதற்குச் சொன்ன காரணம்தான் இன்று ஆட்டம் காண்கிறது. இந்த வகைக் குறையை அறிவியல் தானே திருத்திக்கொள்ளும். இன்னும் நல்ல ஸ்கேன் வரும், இன்னும் சரியான படம் வரும்.

படம் முழுதாகக் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எந்த நரம்பணு எப்போது துடிக்கிறது என்று ஒன்றுவிடாமல் தெரிகிறது. அந்தத் துடிப்பு ஏன் வலிக்க வேண்டும்? இந்த இடத்தில்தான் 150 ஆண்டாக எல்லோரும் நிற்கிறார்கள். ஜெர்மன் உடலியல் அறிஞர் எமில் துபுவா ரேமோன் 1872-இல், இது நமக்குத் தெரியாது, இனியும் தெரியப்போவதில்லை என்று சபையில் சொல்லிவிட்டார். அணுக்களின் அசைவிலிருந்து உணர்வு பிறப்பதை விளக்கவே முடியாது என்பது அவர் முடிவு. நம்பிக்கையோடு எதிர்த்தவர்களும் உண்டு. நரம்பியலாளர் கிறிஸ்டோஃப் காக், 25 ஆண்டுக்குள் உணர்வின் நரம்பு அடையாளத்தைக் கண்டுவிடுவோம் என்று 1998-இல் தத்துவவாதி டேவிட் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டினார். 2023-இல் நியூயார்க் மேடையில் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் கொடுத்தார். அவர் தோற்றது வெட்கத்துக்குரியதல்ல. கெடு வைத்து, கெடு முடிந்ததும் ஒப்புக்கொண்டாரே, அந்த நேர்மை எத்தனை துறைகளில் இருக்கிறது?

ஒருவரின் உணர்வை வெளியிலிருந்து எப்படி அறிவது என்ற கேள்வி திருவொற்றியூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. கடலோரத்தில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. பேய்க்கரும்பு எந்த ஊரில் இனிக்கிறதோ அங்கே உனக்கு முக்தி என்று அவருக்குச் சொல்லப்பட்டதாம். கையில் கரும்போடு ஊர் ஊராகப் போனவருக்கு அது ஒற்றியூரில் இனித்தது. பக்தர்கள் அதை அருள் என்பார்கள். அதே கரும்பை வேறொருவர் கடித்தால் கசந்திருக்கலாம். அவர் நாக்கில் என்ன நடந்தது என்று பார்க்க இன்னொரு நாக்கு கிடையாது. இனிக்கிறது என்று அவர் சொன்ன ஒரு சொல்தான் சாட்சி. வௌவாலாக இருப்பது எப்படி இருக்கும் என்று 1974-இல் தத்துவவாதி தாமஸ் நேகல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையும் இந்தக் கடற்கரைக்குத்தான் வந்து சேர்கிறது. வௌவாலின் ஒலியையும் செவியையும் அளந்து முடித்த பிறகும், அந்த இருப்பு உள்ளிருந்து எப்படிப்பட்டது என்பது மிச்சம் இருக்கிறது.

மனித மூளைக்கே எட்டாத கேள்விகள் இருக்கலாம் என்கிறார் மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி. எலிக்கு எத்தனையோ சுற்றுவழிகளைப் பழக்கலாம். பகா எண்ணை வைத்துத் திரும்ப வேண்டிய சுற்றுவழியை மட்டும் எலி ஒருகாலும் கற்காது. தனக்கு எட்டாதது ஒன்று இருக்கிறது என்பதும் எலிக்குத் தெரியாது. மனிதனும் உயிரினம்தானே, அவனுக்கும் ஒரு வேலி இருக்காதா?

பகா எண் என்றதும் ஸ்டான்லியிலிருந்து அதிக தூரமில்லாத துறைமுக அலுவலகம் நினைவுக்கு வரும். 1912 மார்ச்சில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் அங்கே கணக்குப் பிரிவில் சேர்ந்த ராமானுஜன், மறு ஆண்டு ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். தேற்றங்கள் நிறைய, நிரூபணம் ஏதுமில்லை. துறைமுகத்தில் அவருக்கு மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரே கணித ஆர்வலர்தான். இரவில் சிலேட்டை வைத்துக்கொண்டு கூட உட்கார்ந்தவருக்கும் வேகம் பிடிபடவில்லை. இரண்டு வரிக்கு நடுவே பத்து வரி எழுது, அப்போதுதான் என் போன்றவனுக்குப் புரியும் என்று கேட்டுக்கொண்டதாக அவர் வீட்டார் சொல்லிவந்தார்கள்.

அந்தப் பத்து வரியும் ராமானுஜன் மனதில் ஓடினவா, ஓடாமலே விடை வந்து நின்றதா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. நாமகிரித் தாயார் தந்தாள் என்பார் அவர். ஹார்டி அதை ஏற்கவில்லை. ஆனால் சூத்திரம் சரியா என்று பார்க்க ராமானுஜனின் மனதுக்குள் நுழையத் தேவையில்லை. தாளும் பேனாவும் போதும். அப்படிப் பார்த்ததில் பெரும்பாலானவை தேறின. பகா எண்களின் எண்ணிக்கையைப் பற்றி அதே கடிதத்தில் சொன்னது தவறு என்று தெரிந்தது. மேதையின் சொல்லையும் கணிதம் உரசிப் பார்த்துத்தான் எடுத்துக்கொள்ளும்.

வலிக்கு அந்த உரைகல் கிடையாது. கையில்லாத தொழிலாளியின் வலியைத் தாளில் போட்டுச் சரிபார்க்க வழியில்லை. 1923-இல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்டதுதான். ஒரு கை போனால் சம்பாதிக்கும் திறனில் 60 சதவீத இழப்பு. கட்டை விரலுக்கு 30. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14. மில்லிமீட்டர் சுத்தமான கணக்கு. போன பிறகும் வலிக்கும் விரலுக்கு அதில் வரிசை இல்லை. அட்டவணை போட்டவர்களைக் குறை சொல்ல முடியாது, அளக்கக் கூடியதைத்தானே அளப்பார்கள். அளக்க முடியாததை இல்லையென்று சொல்வது மட்டும் பெரும் தவறு.

வலியை ஆராயும் உலகச் சங்கம் 2020-இல் தன் வரையறையைத் திருத்தியபோது ஒரு குறிப்பைச் சேர்த்தது. ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்பது அது. எத்தனையோ கருவி வந்த பிறகும் வலி மருத்துவர்கள் அந்தப் பழைய கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாது, இப்போது எத்தனை? கை போனவர் கொஞ்சம் யோசிக்கிறார். நல்ல கையால், காற்றில் அந்த விரல்கள் இருக்கும் இடத்தைக் காட்டுகிறார். எட்டு என்கிறார். சீட்டில் எட்டு என்று எழுதிக்கொள்கிறார்கள்.