வேலணைச் சுவரும் மியூனிக் செங்கல்லும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாகத் தீவகத்துக்குள் நுழைபவர் எவரும், அல்லைப்பிட்டியைத் தாண்டி வேலணையை அடைவதற்குள் மூன்று வகை வீடுகளைக் கண்டுவிடுவர். முதலாவது, கூரையற்ற வீடு. ஓடு இல்லை, கதவு இல்லை, யன்னல் இல்லை. முருகைக்கற் சுவர்கள் மட்டும் நிற்கும். விறாந்தைக்குள் வேம்பு முளைத்திருக்கும். இரண்டாவது, போருக்குப் பின் உதவித் திட்டங்களின் கீழ் எழுந்த சிறு வீடு. இந்திய வீட்டுத் திட்டத்தில் வடக்கு, கிழக்கில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா வழங்கப்பட்டது; அத்தொகையோடு கைக்காசும் நகைக்காசும் சேர்த்துக் கட்டப்பட்டவை இத்தகைய வீடுகள். மூன்றாவது, மாடி வீடு. பெரிய கண்ணாடி யன்னல்கள், பளபளக்கும் உருக்குக் கைப்பிடிகள், ஆளுயரத்துக்கு மேலான மதில். அதன் படலையில் பெரும்பாலும் பூட்டுத் தொங்கும்.

இம்மூன்றும் ஒரே ஒழுங்கையில் அடுத்தடுத்து நிற்பதை யாரும் திட்டமிடவில்லை. திட்டமிடுவது பற்றி யாரும் கூடிப் பேசியதாகவும் நான் அறியேன். போர் அழித்த ஊரை எவ்வாறு மீளக் கட்டுவது? பழையதை அப்படியே எழுப்புவதா? அதை மறந்து புதியதைக் கட்டுவதா? இடிபாட்டை இடிபாடாகவே விட்டுவைப்பதா? இக்கேள்விகளை அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தமக்குள் சண்டையிட்டே பேசித் தீர்த்தவர்கள் ஜேர்மனியர்கள். எமது தீவக மக்கள் பலர் இன்று வாழும் நாடும் அதுவே. ஆதலால் அந்நாட்டு அனுபவத்தை எடுத்துப் பேசுவது எமக்கு அந்நியமான செயல் அன்று.

சில ஆண்டுகளுக்கு முன் உறவினரைக் காண அங்கு சென்றபோது நான்கு நகரங்களை இந்தக் கேள்வியோடு பார்த்தேன். டிரெஸ்டன் நகரின் பிரவுவன்கீர்க்கே தேவாலயம் 1945 பெப்ரவரி குண்டுவீச்சில் இடிந்தது. கிழக்கு ஜேர்மன் ஆட்சிக் காலம் முழுவதும் அது கற்குவியலாகவே கிடந்தது. நாடு ஒன்றிணைந்த பின், 1994 இல் தொடங்கி 2005 இல் பழைய உருவிலேயே கட்டி முடித்தனர். குவியலில் இருந்து எடுத்த கருமை படிந்த பழைய கற்களை வெளிர்நிறப் புதிய கற்களுக்கு இடையே ஆங்காங்கே பதித்திருக்கின்றனர். கோபுர உச்சியில் நிற்கும் சிலுவையைச் செய்தவர், அந்நகரின் மீது குண்டு வீசச் சென்ற பிரித்தானிய விமானி ஒருவரின் மகன்.

பேர்லினில் வேறு முடிவு. கைசர் வில்ஹெல்ம் நினைவுத் தேவாலயத்தின் முறிந்த கோபுரத்தை இடிக்கக் கூடாது என மக்கள் போராடினர். கட்டடக் கலைஞர் எகோன் ஐயர்மான் அதனை அப்படியே விட்டு, அருகில் நீலக் கண்ணாடிச் சுவர்கள் கொண்ட முற்றிலும் புதிய ஆலயத்தை எழுப்பினார். அது 1961 இல் திறக்கப்பட்டது. பேர்லின்வாசிகள் முறிந்த கோபுரத்துக்கு இட்ட செல்லப்பெயர் 'சொத்தைப் பல்'.

பிராங்பேர்ட் நகரின் கதை நீளமானது. பழைய நகர மையம் எரிந்த இடத்தில் 1970களில் பெரிய கொங்கிறீற் மாநகர அலுவலகம் ஒன்றைக் கட்டினார்கள். நாற்பது ஆண்டு நிறைவதற்குள் அதையும் இடித்தார்கள். அவ்விடத்தில் 35 வீடுகள் எழுந்து 2018 இல் திறக்கப்பட்டன; அவற்றில் 15 வீடுகள் போருக்கு முந்திய வீடுகளின் பிரதிகள். அழகுதான். ஆனால் பொம்மைக்கடைக்குள் நடப்பது போன்ற உணர்வு எனக்கு ஏற்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

நான் அதிக நேரம் நின்றது மியூனிக் நகரின் பழைய ஓவியக்கூடத்தின் முன்னால்தான். 19 ஆம் நூற்றாண்டுக் கட்டடம். குண்டுவீச்சில் நடுப்பகுதி சிதைந்து, சுவரில் பெரும் வாய் திறந்து கிடந்தது. முழுவதையும் இடித்துவிடலாம் என்றனர் சிலர். ஹான்ஸ் டோல்காஸ்ட் என்னும் கட்டடக் கலைஞர் இடிபாடுகளில் பொறுக்கிய செங்கற்களைக் கொண்டே அந்த வாயை அடைத்தார். சிற்பவேலை இல்லை, பூச்சு இல்லை. 1957 இல் கூடம் மீண்டும் திறந்தது. காயம் எதுவரை, மருந்து எதுவரை என்பதை வீதியில் நின்று இன்றும் பிரித்தறியலாம். காசில்லாத காலத்தில் செய்த வேலை அது. கள்ளமில்லாத வேலை என்பேன்.

இக்கேள்வி எமக்கும் ஒருமுறை வந்தது. 1981 ஆம் ஆண்டு எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தை என்ன செய்வது? தொண்ணூற்றேழாயிரம் நூல்களோடு எரிந்த அக்கட்டடத்தை நினைவுச் சின்னமாக அவ்வாறே விட்டுவிட்டு, புதிய நூலகத்தை அருகில் கட்ட வேண்டும் என்றனர் ஒரு சாரார். பேர்லினின் வழி. சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்த பழைய உருவிலேயே மீள எழுப்ப வேண்டும் என்றனர் மறு சாரார். டிரெஸ்டனின் வழி. இரண்டாவது தரப்பே வென்றது. இன்று நூலகம் வெண்ணிறமாக ஒளிர்கிறது. அங்கு படிக்க வரும் பிள்ளைகளைக் காணும்போது மனம் நிறைகிறது. ஆயினும் இங்கே நெருப்பு எரிந்தது என்று சொல்ல ஒரு கருகிய கல்லையேனும் விட்டிருக்கலாம் என்று எண்ணுபவன் நான்.

நகரத்தில் வாதம் நடந்தது. ஏனெனில் நகரத்தில் ஆட்கள் இருந்தனர். தீவகத்தின் நிலை வேறு. 1990, 1991 ஆம் ஆண்டுகளின் படை நடவடிக்கைகளோடு வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறைப் பகுதிகளின் மக்களில் மிகப் பெரும் பகுதியினர் குடாநாட்டுக்கு ஓடினர். பின் கொழும்புக்கும் கடல் கடந்தும் சென்றனர். ஆளற்ற வீடுகளிலிருந்து ஓடு போயிற்று, தீராந்தி போயிற்று, கதவு நிலை போயிற்று. இன்று ஒரு வீட்டுக்கு உரிமைகாரர் ஆறு பேர் என்றால், அவர்கள் நான்கு நாடுகளில் இருப்பர். காணி உறுதி ஒருவரின் பெட்டகத்தில், அற்றோர்ணித் தத்துவம் இன்னொருவரிடம். வாதம் செய்வதற்கும் ஓரிடத்தில் கூட வேண்டுமல்லவா?

பழைய தீவக வீட்டைக் கட்டியவர்கள் கட்டடக் கலை படித்தவர்கள் அல்லர். கடல் தந்த முருகைக்கல், அதையும் சிப்பியையும் சுட்டு எடுத்த சுண்ணாம்பு, முதிர்ந்த பனையின் வைரம் பாய்ந்த சிலாகை. நடுவில் முற்றம், சுற்றிவர விறாந்தை. வசதியானவர்களுக்கு வாசலில் சங்கடப் படலை. அச்சுவர்கள் தடித்தவை. ஈரத்தை உள்வாங்கி வெளிவிடக் கூடியவை. உப்புக் காற்றோடு வாழப் பழகியவை. கொங்கிறீற் அப்படியன்று. உப்பு உள்ளே இறங்கிக் கம்பியைத் தொட்டால் கம்பி துருப்பிடிக்கும், துரு பருக்கும், பருத்த துரு சீமெந்தை உள்ளிருந்து பிளக்கும். கரையோரத்து மாடி வீடுகளின் கூரை விளிம்பில் கம்பி எட்டிப் பார்ப்பதன் காரணம் இதுவே. பழைய முருகைக்கற் சுவரின் மேல் சீமெந்து பூசினாலும் தீங்குதான். ஈரமும் உப்பும் வெளியேற வழியின்றிப் பூச்சின் பின்னால் கல் மாவாகும். கடற்கரையில் முருகைக்கல் அகழ்வது இன்று சட்டப்படி தடை, தடை நியாயமானதே. ஆகவே இடிந்த வீட்டுக் கல்லை லொறியில் ஏற்றிப் பள்ளம் நிரப்ப அனுப்புவோர், இனி எக்காலத்திலும் வாங்க முடியாத பொருளையே கொட்டுகின்றனர்.

இதனால் நான் புதுமைக்கு எதிரி என்று கொள்ள வேண்டாம். யாழ்ப்பாண நகரில், நூலகத்துக்கு அருகே இந்திய உதவியில் எழுந்த பண்பாட்டு மையம் பல மாடிகள் கொண்ட நவீன கட்டடம். அது அங்கு நிற்பதில் எனக்கு வருத்தமில்லை. நான் ஐயுறுவது, இடத்தையும் ஆளையும் கேளாமல் வந்து இறங்கும் கட்டடத்தை. 2016 அளவில் வடக்கு, கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் என்றொரு அரசுத் திட்டம் வந்தது. ஒன்றின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. கல்வீட்டுக்குக் கொடுத்த உதவித் தொகையின் பல மடங்கு. வெப்பம், பின்னாளில் ஓர் அறை சேர்த்துக் கட்ட முடியாமை, உள்ளூர் மேசன்மாருக்கும் தச்சருக்கும் வேலையில்லாமை எனப் பல காரணங்களைக் காட்டி மக்களும் கட்டடத்துறை வல்லுநர்களும் எதிர்த்தனர். சொன்ன அளவில் அத்திட்டம் நிறைவேறவில்லை. தீவகத்திலும் அத்தகைய பேச்சு எழுந்தால் பயன் உண்டு என்பதற்கு அதுவே சான்று.

கோயில்களைப் பொறுத்தவரை நிலைமை நேர்மாறானது. 1986 இல் தாக்கப்பட்டுச் சேதமடைந்த நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆலயத்தில் 108 அடி உயர இராஜகோபுரம் எழுந்து 2012 இல் குடமுழுக்குக் கண்டது. படகில் செல்வோருக்குத் தூரத்திலேயே அது தெரியும்போது ஏற்படும் மகிழ்ச்சியை நானும் அறிவேன். ஜேர்மனியின் ஹாம் நகரத்துக் கைத்தொழிற் பேட்டையில் 2002 இல் திறக்கப்பட்ட காமாட்சி அம்பாள் ஆலயத்திலும் இதே மகிழ்ச்சியைக் கண்டேன். அங்குள்ள எம்மவர் தொழிற்சாலைகளின் நடுவே பழைய காஞ்சியை எழுப்புகின்றனர். பழைய வேலணையில் ஜேர்மன் பாணி மாடி வீட்டை எழுப்புகின்றனர். இரண்டும் ஒரே ஏக்கத்தின் இரு பக்கங்கள் என்றே நினைக்கிறேன்.

இவ்வளவும் எழுதத் தூண்டியது எமது சொந்த வீட்டு வழக்கு. வேலணையில் அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் சீதனமாக வந்த வீடு அது. தென்னிலங்கையில் கடை நடத்திய அம்மப்பா கட்டியது. கூரை போய் முப்பது ஆண்டுகளாயிற்று. மேற்குச் சுவரில் ஒரு பகுதி விழுந்துவிட்டது. டோர்ட்முண்டில் இருக்கும் சின்னம்மாவின் மகன் தொலைபேசியில் சொன்னான்: "அண்ணை, உடைச்சுப்போட்டுப் புதுசாக் கட்டுவம். காசைப் பற்றி யோசிக்காதேங்கோ." அவன் பதினேழு வயதில் நாட்டை விட்டவன். இரவு வேலை செய்து சேர்த்த பணம். அவனுக்கு அந்த மாடி வீடு, தான் தோற்கவில்லை என்பதற்கான அத்தாட்சி. அதை இலேசாக எடுக்க எனக்கு உரிமையில்லை. நானோ மியூனிக் படங்களை அனுப்பி, விழுந்த இடத்தை மட்டும் கட்டுவோம் என்று வாதாடினேன். பல மாதங்கள் இப்படியே கழிந்தன.

முடித்துவைத்தவர் அக்கா. ஓய்வுபெற்ற ஆசிரியை, யாழ்ப்பாணத்தில் வாடகை வீட்டில் இருப்பவர், இடம்பெயர்ந்த தடவைகளை எண்ணுவதை நிறுத்திவிட்டவர். "நீங்கள் ரெண்டு பேரும் ஆருக்குக் கட்டுறியள்? எனக்கு மாடி ஏறேலாது. கண்காட்சி வைக்கவும் வீடு வேண்டாம். மழைக்கு முதல் ரெண்டு அறைக்குக் கூரை போட்டுத் தாங்கோ. நான் போய் இருக்கிறன்."

அவ்வளவுதான். தம்பி கூரைக்குப் பணம் அனுப்பினான். வளவில் கிடந்த கற்களைப் பொறுக்கிச் சுண்ணாம்புச் சாந்திட்டு மேற்குச் சுவரை அடைத்தார் வயதான மேசன் ஒருவர். சுண்ணாம்பு குழைக்கத் தெரிந்தவரைத் தேடுவதற்கே ஒரு மாதம் சென்றது. புதிய பகுதியைப் பூசி மறைக்கவில்லை. படத்தைப் பார்த்த தம்பி, "கிழிஞ்ச சாரத்துக்கு ஒட்டுப் போட்ட மாதிரிக் கிடக்கு" என்றான். பிறகு, மற்ற அறைகளுக்கு எவ்வளவு முடியும் என்று கேட்டான். முற்றத்துக்கு அப்பாலுள்ள பகுதி பற்றி இன்னும் இணக்கமில்லை. அவனுடைய மாடிக் கனவும் போகவில்லை. ஆனால் அக்கா அங்கே அடுப்பு மூட்டிவிட்டார். நாளாந்தம் யாழ்ப்பாணத்திலிருந்து பேருந்தில் வந்து போகும் இளம் ஆசிரியை ஒருவரையும் துணைக்கு வைத்திருக்கிறார்.

நெடுந்தீவுக்குப் போனவர்கள் அங்குள்ள கல்வேலிகளைப் பார்த்திருப்பர். சாந்து இல்லாமல் முருகைக்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வேலிகள் அவை. ஆடு மாடு தள்ளினால் கல் விழும். வீட்டுக்காரர் எடுத்து மீண்டும் அடுக்குவார். ஆளில்லா வளவின் வேலி சில மழைகளில் குவியலாகிவிடும். அந்த வேலிகளைப் பாதுகாப்பது சாந்து அல்ல, பக்கத்தில் குடியிருப்பவரின் கைதான்.

தீவகத்தில் உரித்துள்ள வாசகர்களிடம் எனது வேண்டுகோள் மூன்று. இடிப்பதானால் முதலில் வீட்டை அளந்து படமெடுத்து வையுங்கள். கல்லையும் சிலாகையையும் வளவுக்குள்ளேயே அடுக்கி வையுங்கள். தேவைப்படும் அயலவருக்குக் கொடுங்கள். உரித்துக்காரர் அனைவரும் உயிரோடு இருக்கும்போதே உறுதியை ஒழுங்குபடுத்தி, இருக்க விரும்பும் ஒருவரை உள்ளே இருக்க விடுங்கள். பழையதா, புதியதா என்ற வாதத்தை அதன் பிறகு தாராளமாக நடத்தலாம். விறாந்தையில் இருந்து நடத்துவதற்கு அப்போது ஆள் இருக்கும்.