எதிர்காலக் கதைகளும் எங்கள் வீட்டு அலமாரியும்

மத்திய அரசுக் குடியிருப்புகளில் வாழ்வோர்க்கு வீடு மாறுவது புதிதன்று. ஒவ்வொரு முறை மூட்டை கட்டும்போதும் பெரும் பாரமாகத் தோன்றுவன தமிழ்ப் புத்தகங்களே. சென்ற ஆண்டு தில்லி ராமகிருஷ்ணபுரத்துக்குக் குடிவந்தபோது, பெட்டியைத் தூக்கி வந்த எங்கள் மகன் கேட்டான்: "உங்களுக்கு அப்புறம் இதையெல்லாம் யாருப்பா படிப்பாங்க?" பன்னிரண்டு வயதுப் பிள்ளை. தமிழ் தடையின்றிப் பேசுவான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. அவன் குறும்பாகக் கேட்கவில்லை. எங்களிடமும் விடை இல்லை.

அன்பர்கள் படித்து மகிழத்தக்க அறிவியல் புனைகதைகள் சிலவற்றைச் சங்க மலரில் எடுத்துரைக்கலாம் என்று எண்ணியபோது, அந்தக் கேள்வியே முன்வந்து நின்றது. அறிவியல் புனைகதை என்றாலே ராக்கெட்டும் வேற்றுக் கோளும்தாம் என்று கருதுவோர் பலர். பகலெல்லாம் கோப்புகளோடு போராடிவிட்டு இரவில் இக்கதைகளைப் படித்துவரும் எங்களுக்கு வேறொன்று புலப்பட்டது. நெடுந்தொலைவு செல்லும் மனிதன் தன்னோடு எதை எடுத்துச் செல்கிறான், எதைத் தொலைக்கிறான் என்பதே இவற்றுள் சிறந்தவை எழுப்பும் வினா.

முதலாவது, ஜூல் வெர்ன் எழுதி 1870-இல் நிறைவுற்ற கடலடிப் பயண நாவல். நிலத்தை வெறுத்து, நாட்டிலஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பலில் வாழும் கேப்டன் நெமோ, 12,000 நூல்களைத் தம்முடன் வைத்திருக்கிறார். அவர் யார் என்பது பின்னர் வந்த 'மர்மத் தீவு' நாவலில்தான் வெளியாகிறது. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் பங்கேற்று, குடும்பத்தையும் நாட்டையும் இழந்த புந்தேல்கண்ட் இளவரசர் டக்காரே அவர்! கோடை விடுமுறையில் நம் ரயில் ஜான்சியைக் கடக்கும்போதெல்லாம் அவருடைய மண்ணையன்றோ நாம் கடக்கிறோம்?

அடுத்து, எச்.ஜி. வெல்ஸ் 1895-இல் வெளியிட்ட 'கால இயந்திரம்'. அதன் நாயகர் கி.பி. 8,02,701-ஆம் ஆண்டைச் சென்றடைகிறார். அங்கே ஒரு பாழடைந்த அருங்காட்சியகம். நூல்கள் இருந்த இடத்தில் மக்கிய கந்தல்களே எஞ்சியிருக்கின்றன. எவரும் அவற்றைக் கொளுத்தியதாகக் கதை கூறவில்லை. படிப்பார் இல்லாமலே அவை மடிந்தன. எங்களை உறங்கவிடாமல் செய்த பக்கம் அது.

மூன்றாவது, ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451', 1953-இல் வந்தது. தீயை அணைக்க வேண்டியவர்களே நூல்களை எரிக்கும் ஒரு நாட்டின் கதை. தப்பிச் சென்ற சிலர், ஆளுக்கொரு நூலை நெஞ்சில் பதித்து, தாமே நூல்களாக நடமாடுகின்றனர். பாட்டியின் வாய்மொழியாகப் பாசுரமும் தேவாரமும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது வெறும் கற்பனையாகத் தோன்றாது.

இறுதியாக, நம் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. 2008-இல் மறைந்த சுஜாதாவும் பெங்களூரில் பொதுத்துறைப் பணியில் இருந்துகொண்டே தமிழ் வளர்த்தவர். பிள்ளை பெறவும் அரசின் அனுமதி வேண்டியிருக்கும் ஒரு காலத்தை அவர் படைத்தார். அதில் பேசவும் சிந்திக்கவும் புத்தகம் படிக்கவும் தெரிந்த ஜீனோ என்னும் இயந்திர நாயை உலவவிட்டார். 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது எங்கள் தந்தையார் வாரந்தோறும் பிரித்தெடுத்துத் தைத்து வைத்த தொகுப்பு, அந்தப் பாரமான பெட்டிக்குள் இருந்தது.

அதை எடுத்து, இரவுதோறும் மகனுக்கு உரக்கப் படித்துக் காட்டத் தொடங்கினோம். மார்ச்சு வந்தது. ஆண்டு முடிவுக் கணக்கு வேலையில் வீடு திரும்பவே பத்து மணியாயிற்று. ஒரு வாரம் கதை நின்றுபோயிற்று. ஓர் இரவு கதவைத் திறந்தபோது, மகன் விளக்கடியில் அமர்ந்து, வரிகளின் மேல் விரலை நகர்த்திக்கொண்டிருந்தான். தெரியாத எழுத்துகளை அம்மாவிடம் கேட்டுக் கேட்டு ஒரு பக்கத்தை முடிக்க நாற்பது நிமிடம் ஆனதாம். "ஜீனோவுக்கு என்ன ஆச்சுன்னு தெரிய வேண்டாமா? நாயே படிக்குது, நான் படிக்கக் கூடாதா?" என்றான்.

இன்றும் அவனுக்கு ழகரமும் ளகரமும் இடம் மாறிப்போகின்றன. அவன் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று நாங்கள் மார்தட்டவில்லை. எனினும் அனுபவத்தில் கண்டதைக் கூறுகிறோம். பிள்ளைகளுக்கு இக்கதைகளைத் தமிழில் சொல்லுங்கள். தமிழ் நூலாயின் உரக்கப் படியுங்கள். சுவையான கட்டத்தில் நிறுத்திவிட்டு, நூலை அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். அடுத்த முறை வீடு மாறும்போது அந்தப் பெட்டியை அவர்களும் விரும்பித் தூக்கக்கூடும்.